வியப்பும் காரணமும்

சிறு முதலுடைய கால்பந்துக் கழகம் ஒன்று மேல்நிலை எய்தினால் அதனை அற்புதம் என்கின்றனர். அஃது உண்மையில் வியப்புக்குரியதுதானா?

மிசோரமின் ஐஸ்வால் கழகம் 2015-இல் ஐ-லீக் போட்டிக்கு உயர்ந்தது, 2016-இல் கீழிறங்கியது. கோவாவின் கழகங்கள் விலகியமையால் மீண்டும் இடம்பெற்று, பயிற்சியாளர் காலித் ஜமீலின் கீழ், செல்வமிக்க மோகன் பகானை ஒரே புள்ளியால் முந்தி 2017-இல் வாகை சூடியது.

காரணம் வெளிப்பட்டால் வியப்பு நீங்கும் என்பது அரபுப் பழமொழி. இங்கே காரணம் மறைவானதன்று. மிசோரம் 2012-இலேயே தனக்கென லீக் போட்டியைத் தொடங்கியது; 2014-இல் சந்தோஷ் கோப்பையை வென்றது. உழைப்பு முன்பே இருந்தது. பணமே திறமைக்கு அளவுகோல் என்று கொண்டவர்களே திகைத்தனர்.

ஆயினும் ஒன்று எஞ்சுகிறது. அவ்விடம் காலியாகாதிருந்தால் அதே உழைப்பு அறியப்படாமலே போயிருக்கும். எளியவர்க்கு வாயில் இத்துணை அரிதாகத் திறப்பதே நம்மைத் திகைக்கச் செய்ய வேண்டும்.

கயத்தாறு போன்ற சிற்றூரில் ஏழைவீட்டுப் பிள்ளை முதன்மை பெற்றால், "அதிசயம்" என்று கூறி அகல்வது பாராட்டாகாது. அப்பிள்ளையிடம் யாரும் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை என்பதே அச்சொல்லின் பொருள். அடுத்த பிள்ளைக்கேனும் வாயிலை நாம் முன்னரே திறந்து வைப்போமாக.