நசிகேதன் கேட்ட முதல் வரம்

பெங்களூரில் ஓசூர் சாலைப் பகுதியில் மூன்று பெரிய மருத்துவ நிலையங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒன்று கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. மற்றொன்று இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனை. மூன்றாவது, மனநலத்திற்கும் நரம்பியலுக்குமான தேசிய நிலையமாகிய நிம்ஹான்ஸ். கர்நாடகத்திலிருந்து மட்டுமின்றித் தமிழகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் பெற்றோர் தம் பிள்ளைகளைத் தோளில் சுமந்து இங்கே வருகின்றனர். உடலுக்கு மருந்து தரும் இடமும் உள்ளத்திற்கு மருந்து தரும் இடமும் அங்கே அருகருகே உள்ளன. ஆயினும் பிள்ளையின் உடலுக்காக ஓடி வரும் பெற்றோருள் பலர், அதன் உள்ளமும் நோயுறும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

நீண்டகால நோய் சில நாட்களில் தணியும் காய்ச்சல் அன்று. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வரும் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் நீடிக்கிறது. தலசீமியா நோயின் கடுமையான வகையில் 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைக்கோ ஒவ்வொரு நாளும் இன்சுலின் வேண்டும். இந்த நெடும்பயணத்தில் ஒருநாள் குழந்தை கேட்கிறது: “அம்மா, எனக்கு என்ன நோய்? எப்போது சரியாகும்?” தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ஒன்றுமில்லை கண்ணே! வீட்டுக்குப் போகும்போது பொம்மை வாங்கித் தருகிறேன்” என்கிறாள்.

தாய் சொன்னது பொய்தான். ஆனால் அன்பினால் சொன்ன பொய். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே இசைவு தந்திருக்கிறார் அல்லவா? ஆகவே நாம் ஆராய வேண்டியது, இந்தப் பொய் குழந்தைக்கு உண்மையிலேயே நன்மை தருகிறதா என்பதைத்தான்.

மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர், ரத்தப் புற்றுநோயுற்ற சிறுவர்களுடன் மருத்துவமனையில் நெடுநாள் பழகி, 1978-இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நாளில் அந்நோயுற்றோருள் பிழைத்தோர் குறைவு. எவரும் சொல்லாமலேயே அச்சிறுவர்கள் தங்கள் நிலையை அறிந்திருந்தனர் என்பதை அவர் கண்டார். ஆனால் அறிந்ததை வெளிக்காட்டாமல், அறியாதவர்போல் நடித்தனர். பெற்றோர் பிள்ளைக்காக நடிக்க, பிள்ளைகள் பெற்றோருக்காக நடித்தனர்! இன்று சிகிச்சை பெரிதும் முன்னேறிப் பல பிள்ளைகள் முற்றிலும் குணமடைகின்றனர். எனினும் அந்த நாடகம் இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. குழந்தையின் அச்சத்தை அது போக்குவதில்லை. தனியே அஞ்சும்படி விட்டுவிடுகிறது. அப்படியானால் அதைக் குற்றமற்ற நன்மை என்று எவ்வாறு கூறுவது?

கடோபநிஷதத்தில் வரும் நசிகேதனும் ஒரு சிறுவனே. யமனின் வாயிலில் மூன்று இரவுகள் உணவின்றிக் காத்திருந்த அவனுக்கு மூன்று வரங்கள் கிடைத்தன. முதல் வரமாக அவன் கேட்டது என்ன? தன் தந்தையின் மனம் அமைதியடைய வேண்டும் என்பதே! நோயுற்ற பிள்ளையும் முதலில் கவலைப்படுவது பெற்றோரைப் பற்றித்தான். மூன்றாவது வரமாக மரணத்தின் மறைபொருளைக் கேட்டபோது யமன் யானைகளையும் பொன்னையும் காட்டி அவன் மனத்தைத் திருப்ப முயன்றான். நாம் பொம்மை வாங்கித் தருவதாகச் சொல்வதும் அத்தகையதே. இறுதியில் அவன் உறுதியைக் கண்டு யமனே பதில் கூறினான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

உண்மை பேசுவது என்றால் அறிந்த அனைத்தையும் பிஞ்சு நெஞ்சில் கொட்டுவது அன்று. கேட்டதற்கு, கேட்ட அளவில், வயதுக்கேற்ற சொல்லில் பதில் சொன்னால் போதும். தெரியாததைத் ‘தெரியாது, ஆனால் நான் உன் கூடவே இருப்பேன்’ என்று சொல்லலாம். சிறு குழந்தைகள், தாம் செய்த தவற்றுக்குத் தண்டனையாகவே நோய் வந்ததென்று நம்புவதுண்டு. ‘சொன்னபடி கேட்காததால்தான் ஊசி’ என்று மிரட்டுவது அந்த நம்பிக்கையை வேரூன்றச் செய்யும். ‘இது உன் குற்றமன்று’ என்ற ஒரு சொல்லே அக்குழந்தைக்குப் பெரிய மருந்தாகும்.

அதே சொல்லுக்காகப் பெற்றோரும் ஏங்குகின்றனர். ‘எந்த ஜன்மத்துப் பாவமோ’ என்று உறவினர் கூறும்போது தாயின் நெஞ்சம் எவ்வளவு புண்படும்! தன் துன்பத்தைத் தளராமல் தாங்கித் தன்னைத் திருத்திக்கொள்ளவே வினைக்கொள்கை. பிறர் துன்பத்திற்குத் தீர்ப்பு எழுத அன்று. அடுத்தவர் வீட்டில் குழந்தை நோயுற்றிருக்கும்போது நமக்கு உரிய தர்மம் ஒன்றே: அவர்கள் சுமையில் ஒரு பங்கை ஏற்பது. ஒரு வேளை உணவு கொண்டுபோய்க் கொடுக்கலாம். கவனிப்பாரின்றி ஒதுங்கி நிற்கும் உடன்பிறந்த பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லலாம். தாய் அழும்போது அறிவுரை கூறாமல் அருகில் அமர்ந்திருக்கலாம்.

குடும்பத்தை விலக்கிவிட்டு நோயாளியைக் குணப்படுத்த இயலாது என்பதை நம் நாட்டு மருத்துவர்கள் முன்பே உணர்ந்திருந்தனர். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினரையும் வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்தார். நிம்ஹான்ஸில் 1977-இல் குடும்ப மனநல மையம் தொடங்கப்பெற்றது. அந்நிலையத்தை முதன்மை மையமாகக் கொண்டு 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். மனநல ஆலோசகரை நாடுவது இறைநம்பிக்கையின் குறைவைக் காட்டுவதாகாது. காய்ச்சலுக்கு மருந்து உண்பவன் பிரார்த்தனையைக் கைவிட்டவன் ஆவானோ?

பெற்றோர் தம் கண்ணீரைச் சொல்ல ஓரிடம் கிடைக்கட்டும். அப்போதுதான் குழந்தையின் கேள்விக்கு முகம் திருப்பாமல் பதில் கூறும் வலிமை அவர்களுக்கு வரும். நசிகேதன் கேட்ட முதல் வரத்தை, நோயுற்ற குழந்தை ஒவ்வொன்றும் வாய்திறவாமல் இன்றும் கேட்கிறது. அதை அளிக்க யமன் வரவேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் வாழும் நாமே அளிக்கலாம்.