மறைத்தலும் அருளே

அடியார்களே, நாளைக்கு ஆடி அமாவாசை. அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரப் பெருமானின் தீர்த்தக்குளத்தில் இறங்கப் போகிறோம். தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகள் விரதம் பிடித்து, பிதிர்க்கடன் கழித்து முழுகி எழும்புகிற நாள். நனைந்த சேலையோடும் அழுத கண்ணோடும் படியேறி வருகிற தாய்க்கு முன்னால் ஒரு போன் நீளுகிறது. சேலையின் ஈரம் உலர முன்னமே அவளுடைய படம் முகநூலில் ஏறிவிடுகிறது. அவளிடம் ஒரு சொல் கேட்டவர் இல்லை. இது எனக்குப் பெரிய மனவருத்தம்.

மூலஸ்தானத்தை நினைத்துப் பாருங்கள். அபிஷேகம் முடிந்ததும் குருக்கள் திரையை இழுத்து மூடுகிறார். உடுத்தி, அலங்கரித்து, எல்லாம் நிறைவான பிறகுதான் திரை விலகும், மணி அடிக்கும், நாம் அரோகரா என்போம். எங்கும் நிறைந்த ஈசனுக்கு மறைப்பு எதற்கு? அவனுக்கு வேண்டியதில்லை, நமக்குத்தான் வேண்டும். எப்போது பார்ப்பது, எப்போது கண்ணைத் தாழ்த்துவது என்று அந்தத் திரை நம்மைப் பழக்குகிறது. கதிர்காமத்தில் திரை விலகுவதே இல்லை. படுவான்கரையில், சின்னக் கதிர்காமம் என்று நாம் போற்றுகிற மண்டூரில், பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கிறார். இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று. அதுவும் அருளின் செயலே என்கிறது நம் சைவ சித்தாந்தம். தெய்வத்துக்குத் திரை பிடிக்கிற நாம், பெற்ற தாய்க்கும் கூடப்பிறந்த தங்கச்சிக்கும் பிடிக்க மறந்துபோனோமே!

வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கிறது. உடுக்குச் சத்தத்தில் ஒரு பெண்ணுக்குத் தெய்வம் ஏறுகிறது. தலைமயிர் அவிழ்ந்தது அவளுக்குத் தெரியாது, சேலை விலகியதும் தெரியாது. தன்னை மறந்து அம்மனிடம் தன்னைக் கொடுத்த நேரம் அது. அதை வீடியோ எடுத்து, சினிமாப் பாட்டைச் சேர்த்து, சிரிக்கிற பொம்மை முகத்தையும் ஒட்டிப் போடுகிறார்கள். மறுநாள் அவளுடைய மகள் பள்ளிக்கூடத்தில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மனுக்கு முன்னால் நடந்ததை அம்மனை அறியாதவர்களின் கையில் கொடுத்துவிட்டோம்.

பொது இடந்தானே சுவாமி, எல்லாரும் பார்க்கிறார்கள்தானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். மனே, திரௌபதையை இழுத்து வந்த சபையும் பொது இடந்தான். பழுகாமத்திலும் பாண்டிருப்பிலும் அவளுக்காகத் தீ மிதிக்கிற மண் இது. சேலையில் கை வைத்தவன் துச்சாதனன் ஒருவன். வீட்டுமரும் துரோணரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வந்த படத்தைப் பார்த்துவிட்டு வட்ஸ்அப்பில் அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறவர் அந்தச் சபையில்தான் உட்கார்ந்திருக்கிறார். கண்ணன் என்ன செய்தான்? சேலையை வளர்த்தான். மறைத்துத்தான் காப்பாற்றினான்.

படமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முகாம் முகாமாக அலைந்த தாய்மாரை இந்தக் கரை கண்டது. அந்தப் படம் தேடுதலுக்கு வழி. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகளும் மாண்டார்கள். சிதைந்த உடல்களின் படங்கள் போனுக்குப் போன் பறந்தன. எந்தத் தாய் அதற்குச் சம்மதித்தாள்? மதம் வேறு, துக்கம் ஒன்றுதான். அயல்வீட்டுச் சாவுக்குப் போகிறபோதும் இதை மனதில் வையுங்கள்.

ஆகவே நாளைக்கு, தொண்டர் பிள்ளைகளே, தீர்த்தப் படியில் போனை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். மரியாதையாகச் சொல்லுங்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கும் அதே சொல்தான். சுவாமி வெளிவீதி வரும்போது படம் எடுக்கலாம். ஒருவரின் முகம் வேண்டுமென்றால், "படம் எடுக்கட்டா அம்மா?" என்று கேளுங்கள். தெய்வம் ஏறியவரிடம் அப்போது கேட்க ஏலாது. தெரியாமல் எடுத்துவிட்டீர்களா, தெய்வம் மலையேறி அவர் தெளிந்து எழும்பும்வரை பக்கத்தில் இருங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்து, படத்தைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண்முன்னாலேயே அழித்துவிடுங்கள்.