சிபாரிசும் அறிமுகமும்

அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து செல்வோர் ஏறத்தாழ 3,550 படிகள் ஏற வேண்டும். வேண்டுதலோடு ஏறுபவர்களில் வேலை தேடும் இளைஞர்களும் உண்டு. ஒருமுறை சித்தூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் உடன் வந்தார். பட்டம் பெற்று மூன்று ஆண்டுகளாக வேலையில்லை. நெடுநேரம் மௌனமாக ஏறியவர், மூச்சு வாங்க நின்ற இடத்தில் கேட்டார்: ‘சுவாமிஜி, வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் பணம் கேட்கிறார். மாந்தோப்பை விற்றுக் கொடுத்துவிடலாம் என்கிறார் அப்பா. சிபாரிசு இல்லாமல் யாருக்கு வேலை கிடைக்கிறது? இதில் என்ன தவறு?’

‘பிறர் உதவியை நாடாதே’ என்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் அது உண்மையாகாது. கணிதமேதை ராமானுஜன் உதவியை நாடியவர்தான். கல்லூரித் தேர்வில் தோற்று, திருமணமும் ஆகி, வேலையின்றி இருந்த அவர் 1910-இல் தம் கணக்கு நோட்டுகளுடன் திருக்கோவிலூர் சென்றார். அங்கே துணை கலெக்டராக இருந்த ராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். அவரிடம் ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுகளைப் பார்த்த அவர், சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த வழியில் நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவின் அறிமுகம் கிடைத்தது. முதலில் ஐயுற்ற ராவ், பின்னர் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். பிறர் பணத்தில் வாழ மனமில்லாத ராமானுஜன் 20 ரூபாய்த் தற்காலிக வேலை ஒன்றை ஏற்றார். 1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பித்தார். படிப்பு தடைபட்டதை அதில் மறைக்கவில்லை. மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரையையும் இணைத்தார். மார்ச் 1-ஆம் தேதி 30 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார்.

அப்படியானால் இதுவும் சிபாரிசுதானே? இல்லை. ‘இவர் நம்மவர், இடம் கொடுங்கள்’ என்பது சிபாரிசு. ‘இவருடைய வேலையைப் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்’ என்பது அறிமுகம். முன்னதில் தகுதியுள்ள வேறொருவரின் இடம் பறிபோகிறது. பின்னதில் தகுதி வெளிச்சத்துக்கு வருகிறது. இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு: உதவியவரின் பெயரை விண்ணப்பத்தில் வெளிப்படையாக எழுத முடியுமா? மிடில்மாஸ்டின் பெயரை எழுத முடிந்தது. பணம் கேட்கும் தரகரின் பெயரை எழுத முடியாது.

‘நாம் ராமானுஜன் அல்லவே’ என்று தோன்றலாம். உண்மைதான். ஆனால் அந்த நாட்களில் அவரையும் உலகம் அறிந்திருக்கவில்லை. தேர்வில் தவறியவராகவே அறிந்திருந்தது. அவர் செய்தவை எவருக்கும் இயலும். முதலாவது, செய்த வேலையைக் கையில் எடுத்துச் செல்லுதல். தையலோ கணக்கோ மின்பழுதோ, காட்டுவதற்கு ஏதேனும் இருக்கட்டும். இரண்டாவது, அந்த வேலையை மதிப்பிடத் தெரிந்தவரைத் தேடிச் செல்லுதல். மூன்றாவது, இடைவெளி ஆண்டுகளை மறைக்காது இரண்டு வரியில் சொல்லுதல். நான்காவது, சிறு வேலையை இழிவென எண்ணாமை. சித்தூரின் மாம்பழக்கூழ் ஆலையில் ஒரு பருவம் செய்த வேலையும் அனுபவமே. அரசு வேலைவாய்ப்பு அலுவலகமும், 2015-இல் தொடங்கப்பட்ட தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளமும் பதிவுக்குக் கட்டணம் கேட்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நேர்வழியில் வேலை தாமதமாகக் கிடைக்கலாம். அந்தக் காலத்தில் இளைஞரை அதிகம் வாட்டுவது வறுமையைவிட வெட்கமே. உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போவதில்லை. பழைய ஆசிரியரைக் கண்டால் ஒதுங்கிச் செல்கிறார். உதவக்கூடியவர்களிடமிருந்தே ஒளிந்துகொள்கிறார். திருக்குறளில் ஆள்வினையுடைமையை அடுத்து இடுக்கணழியாமை வைக்கப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது. முயற்சியைச் சொன்ன பிறகும், துன்பத்தில் கலங்காதிருக்கத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை இல்லாதிருப்பது ஒரு நிலைமை. அது மனிதனின் மதிப்பு ஆகாது.

இவற்றையெல்லாம் கேட்டபின் அந்த இளைஞர், ‘அப்படியானால் முதலில் யாரிடம் போவது?’ என்றார்.

‘உங்கள் வேலையை நன்கறிந்தவர் யார்?’ என்றேன்.

சற்று யோசித்து, கல்லூரி ஆசிரியர் ஒருவரின் பெயரைச் சொன்னார். அவரைப் பார்த்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டனவாம்; வேலையில்லாமல் எப்படிப் போய் நிற்பது என்று போகவில்லையாம்.

‘தோப்பை விற்கும் முன் அவரைப் போய்ப் பாருங்கள்’ என்றேன். மீதிப் படிகளை ஏறத் தொடங்கினோம்.