கலையும் நியதியும் புகழும்



திருவொற்றியூரில் எழுந்தருளிய இறைவருக்கு எழுத்தறியும் பெருமான் என்பதொரு திருப்பெயர் உண்டு. அரசனொருவன் திருக்கோயில்தோறும் இறை விதித்து விடுத்த ஓலையிலே, வரிகளினிடையே, ஒற்றியூர் நீங்கலாக எனும் பொருள்பட ஒரு தொடர் எவரும் அறியாவண்ணம் எழுதப்பட்டிருந்தது என்றும், அதனை எழுதியவர் பெருமானே என்றும் தலவரலாறு கூறும். ஆகலின், பாட்டுக் கட்டுவோரும் நூல் செய்வோரும் தம் குறையை எடுத்துரைத்தற்கு இச்சந்நிதியினும் தக்க இடம் வேறின்று.

அக்குறை யாதெனின்: இராயபுரம் முதல் எண்ணூர் ஈறாக உள்ள இக்கடற்கரையிலே, துறைமுகத்திற் சுமை தூக்குவோரும், ஆலைகளில் இரவும் பகலும் முறைவைத்து உழைப்போரும், வலைத்தொழில் செய்வோருமாகிய மக்களிடையே பாட வல்லார் பலர். அவர்தம் கானாப் பாட்டைப் புலவர் சிலர் செவிமடுப்பதில்லை. அது வேறு செய்தி. ஒருவன் பாட்டு ஊர்கடந்து பரவுகின்றது. அவனினும் வல்லானொருவன் பாட்டோ தெருமுனையைக் கடவாது ஒழிகின்றது. இதனைக் காண்போர், “திறமையால் ஆவதென்ன? எல்லாம் அதிருஷ்டமே” என்பர். சைவராகிய நாமோ, “எல்லாம் வினை” என்று ஒரு சொல்லிலே விடையிறுத்து அப்பாற் செல்கின்றோம். அவ்விடை பொய்யன்று. ஆயினும் அதனைச் சொல்லுவார் வாயிலே அது பெரும்பாலும் சோம்பலுக்குப் போர்வையாகின்றது. வள்ளுவனார் ஊழ் என ஓரதிகாரம் வகுத்தவாறே ஆள்வினையுடைமை எனவும் ஓரதிகாரம் வகுத்ததை நாம் மறத்தலாகாது.

சித்தாந்தம் இதனை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும். காலம், நியதி, கலை, வித்தை, அராகம் என்னும் வித்தியா தத்துவங்கள் ஐந்தும் உயிருக்குச் சட்டைபோல் அமைந்து அதனை வினைநுகர்ச்சிக்கு உரியதாக்கும். ஆணவ இருளைச் சிறிதே விலக்கி உயிரின் செயலாற்றலை எழுப்புவது கலை. அறிவாற்றலை விளக்குவது வித்தை. விருப்பை மூட்டுவது அராகம். நுகர்ச்சியைக் கால எல்லைக்குட்படுத்துவது காலம். ஒருவன் செய்த வினையின் பயன் பிறனொருவனைச் சாராது அவனையே சாருமாறு வரையறுப்பது நியதி. உலகர் திறமை என்பது கலையும் வித்தையுமாம். அதிருஷ்டம் என்பது நியதியும் காலமுமாம். இவை அனைத்தும் மாயையின் காரியங்கள். உயிர் தானே படைத்துக்கொண்டன அல்ல. வல்லவன் தருக்குதற்கு இடம் எங்கே?

புகழ் இவ்வைந்தனுள் யாண்டும் வைக்கப்படவில்லை. அது பிறர் வாயில் உள்ளது. அதன்மேற் செல்லும் விருப்பமே நம்மிடத்துள்ளது, அது அராகத்தின்பாற்படும்.

இராமலிங்க அடிகளார் (1823–1874) வாழ்வு இதற்கு நல்லதோர் உரையாகும். சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் வதிந்த இளமையிலே அவர் நாடோறும் ஒற்றியூருக்கு நடந்து வந்து வழிபட்டனர். வடிவுடை மாணிக்கமாலை, எழுத்தறியும் பெருமான் மாலை முதலியன இத்தலத்துக்கு உரியன. அக்காலத்து அவற்றை அறிந்தார் மிகச் சிலரே. சென்னையை விட்டு அவர் நீங்கியது 1858ஆம் ஆண்டளவில். திருவருட்பா முதல் நான்கு திருமுறையும் அச்சேறியது 1867ஆம் ஆண்டிலே. இடைப்பட்ட காலத்தில் அப்பாடல்களின் சுவை குறைந்திருந்ததோ? இன்றே. கலையும் வித்தையும் அன்றே நிறைந்திருந்தன; காலம் கூடவில்லை.

அச்சிட இசைந்தபோதும் தம்மை இராமலிங்கசாமி என வழங்குதலை அவர் உடன்பட்டாரல்லர். அஃது ஆரவாரத்தின்பாற்பட்டதெனக் கருதித் தடுத்துக் கடிதம் வரைந்தார். தொழுவூர் வேலாயுத முதலியார் நூன்முகப்பிலே திருவருட்பிரகாச வள்ளலார் என்று பொறித்துவிட்டனர். ஆசிரியர் கடிந்தபோது, “வள்ளல் யார் என்று வினாவாகப் பிரித்தும் கொள்ளலாமே” எனக் கூறி அவரை ஆற்றினர் என்பது செவிவழிச் செய்தி. மாணாக்கரின் சொல்வன்மை நகையை விளைப்பினும், ஆசிரியர் அஞ்சியது வீணன்று. பல்லாண்டு ஏட்டில் இருந்தபோது எழாத பூசல் அச்சேறிய இரண்டே ஆண்டில் எழுந்தது. ஆறுமுக நாவலர் தரப்புக்கும் அடிகளார் தரப்புக்கும் நேர்ந்த பிணக்கு 1869ஆம் ஆண்டில் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றதைச் சைவருலகு அறியும். இரு பெரியோரையும் வணங்குவார் பலராதலின் அதன் நியாயத்தை ஈண்டு ஆராய்கின்றிலம்.

அற்றேல், காலம் தானே வந்து கூடிற்றோ எனின், அன்று. இறுக்கம் இரத்தின முதலியார் என்னும் அன்பர் 1860 முதலாகப் பாடல்களைத் தொகுக்க முயன்றனர். அவை கைக்கு வருங்காறும் நாளொன்றுக்கு ஒருவேளையே உண்பது என நோன்பு பூண்டனர். அடிகளார் அதற்கு இரங்கியே இசைந்தனர் என்பர். மயிலை சிக்கிட்டிச் செட்டியார் பொருள் உதவினர். அடிகளார்க்கு ஊழாய் வந்து நின்றவர் இவரே! ஒருவனுக்கு ஊழென வருவது மற்றொருவன் தானே விரும்பிச் செய்யும் புதுவினையாக இருத்தல் கூடும். இதனை எண்ணாது ஊழ் என்று கைகட்டியிருப்பார், தாமே பிறர்க்கு ஊழாக நிற்கும் கடப்பாட்டினின்று நழுவுகின்றனர்.

திருவாவடுதுறை ஆதீன வித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை (1815–1876) நோக்குக. புராணமும் பிள்ளைத்தமிழும் கோவையும் அந்தாதியுமாக அவர் பாடிக் குவித்தவற்றை இன்று முற்றப் பயில்வார் அரியர். அவர் பெயரைத் தமிழுலகு அறிதலோ பெரும்பாலும் மாணவர் உ. வே. சாமிநாதையர் எழுதிய சரித்திரத்தினாலே. பாட்டின் வன்மையே புகழுக்கு அளவாயின் இது நிகழாது. அன்றியும், அம்மாணவரை ஏற்று உண்டியும் உறையுளும் நல்கிய மடம் இல்லையேல் சரித்திரமும் இல்லை. பல சங்கநூற் பதிப்பும் இல்லை.

இதனை மடத்துப் பெரியோர் முன் வலிந்து கூறுதற்குக் காரணம் உண்டு. பிரித்துப் பாரா ஏட்டுச்சுவடிகள் நம்மவர் பெட்டிகளிலே இன்றும் உள்ளன. செல்லுக்கு இரையாவதை வினைப்பயன் என்று சுவடியின்மேல் ஏற்றுதல் நேர்மையன்று. ஏட்டை எடுத்து எண்ணெய் பூசிப் படித்து எழுதுவார் இருவரை அமர்த்துதற்குப் பெரும்பொருளும் வேண்டா. பாடுவோர் செய்தியும் அதுவே. மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை காண ஒற்றியூரில் திரளும் கூட்டத்திலே, முன்னே சொன்ன தெருப்பாடகரும் நிற்பர். அவருள் இருவர் மூவரை மண்டபத்துள் அழைத்து அமர்த்தி, ஒரு நாழிகை அவர் பாட்டைக் கேட்டல் நமக்கு அரிதன்று.