நன்றியில் கணக்கு இருக்கட்டும்

2024 ஜூலை 30-ல் வயநாட்டில் மலை சரிந்தது. அடுத்த மாதமே திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை அங்கே பாதிக்கப்பட்டவர்களுக்காக மொய் விருந்து வைத்தது. சாப்பிட்டவர்கள் பில்லுக்குப் பதிலாக மனம்போல் பணம் கொடுத்தார்கள். கல்யாண மொய் நோட்டில் பெயர், ஊர், தொகை மூன்றும் ஏறும். என்றாவது அது திரும்பி வரும். இந்த மொய் திரும்பாது. ஆகவே கொடுத்தவருக்குச் சேரவேண்டிய ஒரே வரவு, பணம் எங்கே போனது என்ற தகவல்தான். நன்றிக் கடிதங்கள் பலவும் இதை விட்டுவிட்டு, ‘தங்கள் பொன்னான உள்ளம்’ என்று பொன்னாடை போர்த்துகின்றன.

நன்றி சொன்னால் அடுத்த முறையும் கொடுப்பார்கள் என்பது நிதி திரட்டுவோரின் நம்பிக்கை. அமெரிக்காவில் பல லட்சம் புதிய நன்கொடையாளர்களை வைத்து ஆண்டுக்கணக்கில் நடந்த சோதனையில், நன்றி சொல்லிப் பேசிய தொலைபேசி அழைப்புகளால் மறுகொடை கூடவில்லை. அப்படியானால் எதற்கு வீண்செலவு என்று கேட்கலாம். தூண்டிலாக நினைத்தால் வீண்தான். கடனாக நினைத்தால் செலவும் பெரிதல்ல: இத்தனை ரூபாய் சேர்ந்தது, இன்ன நாளில் இன்னாரிடம் ஒப்படைத்தோம் என்று இரண்டு வரி போதும். பெயர் சொல்லாமல் கொடுத்துப் போனவருக்கு? அதே இரண்டு வரியைக் கடை வாசலில் எழுதி ஒட்டலாம். அடியில் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மறுபடி போடாதீர்கள்.