வளையும் கூடும்



அறுவடைக் காலத்தில் கள்ளக்குறிச்சிப் பக்கத்து வயல் வரப்புகளில் அல்லாஹுத்தஆலாவின் படைப்புகள் இரண்டை நாம் காணலாம். வரப்புக்குள்ளே வயல் எலி. கிணற்றோர மரத்திலே தூக்கணாங்குருவி. இரண்டும் நெல் தின்பவைதாம். ஆனால் வழி வேறு.

எலி கதிரை அறுத்து இழுத்துச் சென்று வளைக்குள் குவிக்கிறது. இருளர் மக்கள் வளையைத் தோண்டினால் அள்ளியெடுக்கும் அளவுக்குத் தானியம் கிடைப்பதுண்டு. தூக்கணாங்குருவியில் ஆண் பறவை ஓலையை நார்நாராகக் கிழித்து அழகிய கூடு பின்னுகிறது. அக்கூட்டில் முட்டையும் குஞ்சும் இருக்கும். நெல் குவியல் இராது.

தவக்குலுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் பறவையையே உவமை காட்டினார்கள். காலையில் பசியோடு சென்று மாலையில் வயிறு நிறைந்து திரும்புகிறது என்பது திர்மிதியில் உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீதின் கருத்து. கவனியுங்கள்! பறவை கூட்டிலேயே குந்தியிருக்கவில்லை; தேடிப் போகிறது. சோம்பலுக்குத் தவக்குல் என்று பெயரில்லை.

அப்படியானால் சேமிப்பதே குற்றமா? இல்லை. நாயகம் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை ஒதுக்கியதாகப் புகாரியில் வருகிறது. யூசுப் (அலை) அவர்கள் 7 ஆண்டு விளைச்சலைக் கதிரோடு காத்தார்கள். அது பஞ்சத்தில் மக்களுக்குக் கொடுப்பதற்காக. விலையேறட்டும் என்று தானியத்தைப் பூட்டி வைப்பவனோ பாவி என முஸ்லிமில் வரும் ஹதீது எச்சரிக்கிறது.

எலியைப் பழிப்பது நம் நோக்கமன்று. அதற்குக் கேள்வி கணக்கில்லை, நமக்கு உண்டு. நமது குதிர் யூசுப் நபியின் களஞ்சியமா, எலி வளையா? கூலிக்கு வந்தவரின் வீட்டில் உலை வைக்க அரிசியில்லாதபோது இக்கேள்விக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும்.

விளைச்சலில் ஏழைக்குப் பங்குண்டு. கல்வராயன் மலைச் சாமையைப் போல் மழையில் விளைந்தால் 10-இல் 1; கிணற்று நீரை இறைத்து விளைவித்தால் 20-இல் 1. எந்தப் பயிருக்கு, எவ்வளவு விளைந்தால் கடமை என்பதில் மத்ஹபுகளுக்குள் வேறுபாடு இருப்பதால் ஆலிமிடம் கேட்டு நிறைவேற்றுங்கள். நிலமில்லாத வீட்டுத் தாய்மார்களும் உலைக்கு அரிசி அளக்கையில் ஒரு பிடி ஒதுக்கலாமே!

கொடுத்து உண்ணும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.