கடவுளையே காக்க வைத்த பிள்ளை!

மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்தில், சந்திரபாகா நதிக்கரையில் இருக்கிறது பண்டரிபுரம். இங்கே இடுப்பில் இரு கைகளையும் வைத்தபடி, செங்கல் மீது நிற்கிறார் விட்டலன். ஏன் இந்தக் கோலம், தெரியுமா?

புண்டலீகன் ஆரம்பத்தில் நல்ல பிள்ளை அல்ல. வயதான தாய்- தந்தையைத் தவிக்க விட்டுக் காசிக்குப் புறப்பட்டவன்! வழியில் குக்குட முனிவரின் ஆசிரமத்தில் தங்கினான். விடியும் முன்பு, அழுக்கு ஆடையுடன் மூன்று பெண்கள் வந்து, ஆசிரமத்தைப் பெருக்கித் துடைத்தனர். வேலை முடிந்ததும் அவர்களது ஆடை பளிச்சென்று மாறியது! வியந்துபோய், யாரென்று கேட்டான்.

''கங்கை, யமுனை, சரஸ்வதி நாங்கள். மக்கள் எங்களிடம் கரைத்த பாவத்தை இங்கு வந்து போக்கிக்கொள்கிறோம். பெற்றோரைத் தெய்வமாகப் பேணுபவர் இந்த முனிவர். அவர்களைத் தவிக்க விட்ட உனக்குக் காசி எதற்கு?'' என்றனர்.

வீடு திரும்பினான் புண்டலீகன். ஒருநாள், அவன் பெற்றோருக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் வந்து நின்றார் கிருஷ்ணர். அவன் எழவில்லை. ஒரு செங்கல்லைத் தள்ளி, ''இதன்மேல் நில்லுங்கள், சுவாமி. பணிவிடை முடிந்ததும் வருகிறேன்'' என்றான். பகவான் கோபப்படவில்லை. மகிழ்ந்து, அங்கேயே நின்றுவிட்டார்!

இதை எழுதும்போது மனசு உறுத்துகிறது. ஊர் ஊராகப் போய்க் கோயில்களைப் பற்றி எழுதுகிறேன். மூட்டுவலியால் அவதிப்படும் என் அம்மாவைத் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்கு அழைத்துப்போய் மாதக்கணக்காகிறது. கேட்டால், ''நீ வேலையைப் பாரும்மா'' என்பாள்.

பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகளிடம் இருந்து மாதாமாதம் பணம் பெற்றுத்தர, 2007-ல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்தது. மகன், மகள் இருவருக்குமே அதில் பொறுப்பு உண்டு. நல்ல சட்டம்தான், மருந்துக்கும் அரிசிக்கும் பணம் வேண்டுமே! ஆனால், பக்கத்தில் உட்கார்ந்து, 'வலி எப்படி இருக்கிறது?' என்று அன்பாகக் கேட்கச் சொல்லி யார் உத்தரவு போட முடியும்?

புண்டலீகன், பெற்றோருக்காகக் கடவுளைக் காக்க வைத்தான். நாமோ, செல்போன் அடித்தால் போதும், பெற்றோரைக் காக்க வைக்கிறோம்!

வாசகர்களே... அடுத்த முறை கோயிலுக்குக் கிளம்பும்போது, அவர்களையும் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். நடக்க இயலாதவர்கள் என்றால், அருகில் அரை மணி நேரம் அமர்ந்து, பேசிவிட்டுக் கிளம்புங்கள். தொலைவில் வசிப்பவர்கள், பணத்தோடு உங்கள் குரலையும் தினமும் அனுப்புங்கள்.

தரிசனத்துக்குத் தாமதமாகுமே என்ற கவலை வேண்டாம். சுவாமி காத்திருப்பார், அது அவருக்குப் பழக்கம்தான்!